வேங்கிக்குப் போன குந்தவை

குந்தவை என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவள் இராஜராஜ சோழனின் தமக்கைதான். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' அவளை நம் வீட்டுப் பெண்போல ஆக்கிவிட்டது. 2022, 2023 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த திரைப்படங்கள், தமிழ் நாவல் படிக்காத நண்பர்களுக்கும் அவளை அறிமுகப்படுத்தின. அவள் திருமணமாகியும் பிறந்த வீட்டை விட்டு அதிகம் விலகாமல் வாழ்ந்தவள். தஞ்சைப் பெரிய கோயிலுக்குத் தான் கொடுத்தவற்றோடு தன் அக்காள் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டும்படி இராஜராஜன் ஆணையிட்டான். அந்த அளவுக்கு அவளுக்கு அந்த வீட்டில் மதிப்பு இருந்தது.

ஆனால் சோழர் வரலாற்றில் இன்னொரு குந்தவையும் இருக்கிறாள். அவள் இராஜராஜனின் மகள். இராஜேந்திர சோழனின் உடன்பிறந்தவள். அத்தையின் பெயரைச் சூட்டப்பெற்ற அந்தப் பெண், தஞ்சையிலிருந்து ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வடக்கே, வேறு மொழி பேசும் ஒரு நாட்டுக்கு மருமகளாக அனுப்பப்பட்டாள். சிங்கப்பூரிலிருந்து கெடாவுக்குச் செல்லும் தொலைவு ஏறத்தாழ அவ்வளவே. ஆயினும் அவள் பயணம் சோழர் வரலாற்றை மாற்றிய விதம், அவள் அண்ணன் கடல் கடந்து கடாரத்தை வென்ற பயணத்தைவிட ஆழமானது என்பது என் கருத்து. அந்தக் கருத்துக்கான காரணங்களை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேங்கி ஏன் வேண்டியிருந்தது?

கிருஷ்ணை, கோதாவரி ஆகிய இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட வளமான நாடு வேங்கி. இன்றைய ஆந்திர மாநிலத்தில் ஏலூருக்கு அருகிலுள்ள பெதவேகி என்னும் ஊரே பழைய வேங்கி நகரம் என்பர். அதை ஆண்டவர்கள் கீழைச் சாளுக்கியர். நெல் விளையும் கழிமுகமும் வங்கக் கடலோரத் துறைமுகங்களும் அவர்கள் கையில் இருந்தன.

சோழருக்கு வேங்கி தேவைப்பட்டதற்கு முதன்மையான காரணம் அதன் இருப்பிடம். மேற்கே தக்காணத்தில் 973 ஆம் ஆண்டில் இராஷ்டிரகூடரை வீழ்த்தி மேலைச் சாளுக்கியர் எழுந்தனர். அவர்கள் வேங்கியையும் பிடித்துவிட்டால் சோழ நாட்டின் வட எல்லை முழுவதும் பகைவர் வசமாகிவிடும். வேங்கி நட்பு நாடாக இருந்தாலோ, வடக்கே கலிங்கம் வரையிலும் கங்கை வரையிலும் படை செல்ல வழி திறந்திருக்கும். சுருங்கச் சொன்னால், வேங்கி சோழ நாட்டின் வடக்கு வாசற்கதவு. அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே ஒரு நூற்றாண்டுக் காலத் தென்னிந்திய அரசியலின் பெரிய கேள்வியாக இருந்தது.

அடைக்கலம் தேடி வந்தவர்கள்

அதே 973 ஆம் ஆண்டில் வேங்கியிலும் ஒரு புரட்டு நடந்தது. தெலுங்குச் சோழர் வழியைச் சேர்ந்த ஜடாசோட பீமன், வேங்கி மன்னன் தானார்ணவனைக் கொன்று ஆட்சியைப் பிடித்தான். தானார்ணவனின் மக்கள் சக்திவர்மனும் விமலாதித்தனும் நாடிழந்து, பின்னர்ச் சோழ அரசவையில் அடைக்கலம் புகுந்தார்கள்.

இராஜராஜன் அவர்களுக்கு உணவும் இடமும் கொடுத்ததோடு நிற்கவில்லை. படை கொடுத்து ஜடாசோட பீமனை வீழ்த்தி, ஏறத்தாழ 1000 ஆம் ஆண்டில் சக்திவர்மனை வேங்கியின் அரியணையில் அமர்த்தினான். தம்பி விமலாதித்தனுக்குத் தன் மகள் குந்தவையை மணம் செய்து கொடுத்தான்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். படையெடுத்து வென்ற நாட்டைத் தன் நாட்டோடு சேர்த்துக்கொள்வது இராஜராஜனுக்குப் புதிதன்று. ஆனால் வேங்கியை அவன் சேர்த்துக்கொள்ளவில்லை. அங்கே ஒரு சாளுக்கியனையே அரசனாக வைத்து, அவன் வீட்டுக்குள் ஒரு சோழப் பெண்ணை வைத்தான். காவற்படையை என்றாவது ஒருநாள் திருப்பி அழைக்க வேண்டும். மகளுக்குப் பிறக்கும் பிள்ளையோ அந்த நாட்டுக்கே உரியவன். அதே நேரத்தில் தஞ்சைக்குப் பேரன்.

சக்திவர்மனுக்குப் பின் விமலாதித்தன் 1011 ஆம் ஆண்டில் அரசனானான். குந்தவை வேங்கியின் அரசியானாள். விமலாதித்தன் சோழ நாட்டோடு கொண்டிருந்த தொடர்புக்குத் திருவையாற்றுக் கல்வெட்டு ஒன்று சான்று. காவிரிக் கரையிலுள்ள ஐயாறப்பர் கோயிலுக்கு அவன் வெள்ளிக் கலசங்கள் வழங்கினான். மாமனார் ஊர்க் கோயிலுக்கு மருமகன் செய்த சீர் என்று அதைச் சொல்லலாம்.

மாமன் மகள் என்னும் அரசியல்

குந்தவையின் மகன் இராஜராஜ நரேந்திரன். அவன் மணந்தது யாரை? தன் தாய்மாமன் இராஜேந்திர சோழனின் மகள் அம்மங்காதேவியை. அம்மங்காதேவியின் மகன் இராஜேந்திரன், பின்னாளில் முதலாம் குலோத்துங்கன். அவன் மணந்தது யாரை? அவனும் தன் தாய்மாமன் இரண்டாம் இராஜேந்திரனின் மகள் மதுராந்தகியை.

பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதால் குழப்பமாகத் தோன்றலாம். ஆனால் நம் குடும்பங்களில் கேட்டுப் பழகிய சொற்களில் சொன்னால் எளிதில் விளங்கிவிடும். ஒரு தலைமுறையில் பெண் கொடுத்தார்கள். அடுத்த இரண்டு தலைமுறைகளிலும் அந்தப் பெண்ணின் வழியில் வந்த பிள்ளை, முறைப்பெண்ணான மாமன் மகளைக் கட்டிக்கொண்டான். 'விட்ட குறை தொட்ட குறை' என்று பாட்டிமார் சொல்வார்களே, அதைப்போல அறுந்துவிடக்கூடிய உறவை ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக முடிந்துகொண்டார்கள்.

ஐரோப்பாவில் அரச குடும்பங்கள் இப்படி நெருங்கிய உறவில் மணம் செய்யத் திருச்சபையின் தடை இருந்தது. போப்பாண்டவரிடம் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. தமிழ் உறவுமுறையிலோ அதுவே உரிமையாகக் கருதப்பட்டது. மாமன் மகளுக்கு முறைப்படி முதல் உரிமை அத்தை மகனுக்கே என்னும் சாதாரணக் குடும்ப வழக்கத்தைச் சோழர்கள் நாடு காக்கும் கருவியாக்கினார்கள். உடன்படிக்கையை ஓலையில் எழுதினால் மீறலாம். உறவாக எழுதினால் மீறுவது கடினம் என்று அவர்கள் எண்ணியிருக்க வேண்டும்.

இரண்டு தாரம், இரண்டு படை

ஆனால் இந்தக் கணக்கு எப்போதும் சரியாக வரவில்லை. விமலாதித்தனுக்கு மேளமா என்ற மற்றொரு மனைவியும் இருந்தாள். அவள் மகன் விஜயாதித்தன். தந்தை இறந்ததும் இரண்டு தாரத்துப் பிள்ளைகளுக்கும் இடையே அரியணைப் போட்டி மூண்டது. விஜயாதித்தனுக்கு மேலைச் சாளுக்கியர் துணை நின்றனர். இராஜராஜ நரேந்திரனுக்கு மாமன் இராஜேந்திரன் படை அனுப்பினான். சோழப்படையின் துணையோடுதான் 1022 ஆம் ஆண்டில் நரேந்திரனால் முடிசூட முடிந்தது.

அதோடும் முடியவில்லை. 1031 வாக்கில் விஜயாதித்தன் மீண்டும் அரியணையைப் பிடித்தான். சோழப்படை மீண்டும் வந்தது. கலிதிண்டி என்னுமிடத்தில் கன்னடப் படையோடு நடந்த போரில் சோழப் படைத்தலைவர்கள் மூவர் மாண்டனர். அவர்கள் நினைவாக நரேந்திரன் சிவன் கோயில்கள் எழுப்பியதை அவனுடைய செப்பேடு தெரிவிக்கிறது.

அமைதிக்காகச் செய்யப்பட்ட திருமணம் போரையும் கூடவே அழைத்து வந்தது என்பதை நாம் மறைக்கக்கூடாது. குந்தவை ஒரு நாட்டின் மகள், மற்றொரு நாட்டின் மருமகள். அவள் பெற்ற பிள்ளைக்காகச் சோழ நாட்டு வீரர்கள் அந்நிய மண்ணில் மாண்டார்கள். கல்வெட்டுகளும் செப்பேடுகளும் கொடையைச் சொல்லும், போரைச் சொல்லும். இந்தப் பெண்கள் அழுதார்களா, தஞ்சையை நினைத்து ஏங்கினார்களா என்பதைச் சொல்லும் வழக்கம் அவற்றுக்கு இல்லை. எனவே அவர்களைத் தியாகச் சுடர் என்று புகழ்ந்துவிட்டு நகர்வதும் சரியன்று. அவர்களிடம் யாரும் விருப்பம் கேட்டு அனுப்பவில்லை என்ற நினைவோடுதான் இந்த வரலாற்றைப் படிக்க வேண்டும்.

பலிக்காத ஒரு மணவினை

அரசியல் திருமணம் முற்றிலும் தோற்றுப்போனதற்கும் சோழர் வரலாற்றிலேயே சான்று உண்டு. 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராஜேந்திரன், மேலைச் சாளுக்கிய இளவரசனான ஆறாம் விக்கிரமாதித்தனுக்குத் தன் மகளைக் கொடுத்தான். பகைவர் வீட்டில் ஒருவனையாவது உறவாக்கிக்கொள்ளும் முயற்சி அது. அந்தப் பெண்ணை வரலாற்று நூல்கள் 'வீரராஜேந்திரன் மகள்' என்றே குறிப்பிட்டுச் செல்கின்றன.

1070 ஆம் ஆண்டில் வீரராஜேந்திரன் இறந்தான். நாட்டில் கலகம் எழுந்தது. விக்கிரமாதித்தன் விரைந்து வந்து மைத்துனன் அதிராஜேந்திரனைக் கங்கைகொண்ட சோழபுரத்தில் அரியணை ஏற்றிவிட்டுத் திரும்பினான் என்று அவனுடைய அவைப்புலவர் பில்ஹணர் பாடியிருக்கிறார். ஆனால் சில வாரங்களிலேயே அதிராஜேந்திரன் கலகத்தில் கொல்லப்பட்டான். விஜயாலயன் வழியில் தந்தைக்குப் பின் மகன், அண்ணனுக்குப் பின் தம்பி என்று வந்த சோழர் ஆண்வழி அத்தோடு நின்றது.

அந்த வெற்றிடத்தில்தான் குந்தவையின் பேரன் வந்து நின்றான்.

பெயரன்

இராஜராஜ நரேந்திரன் 1061 ஆம் ஆண்டில் இறந்தபின் வேங்கி அரியணையைச் சிற்றப்பன் விஜயாதித்தன் எடுத்துக்கொண்டான். உரிமை இழந்திருந்த நரேந்திரனின் மகன், 1070 ஆம் ஆண்டில் குலோத்துங்கன் என்ற பெயரோடு சோழ அரியணையில் அமர்ந்து, ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆண்டான்.

செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணி இவனுடைய படை கலிங்கத்தை வென்றதைப் பாடும் நூல். அதில் இவனது பிறப்பைக் கூறும் பகுதியில், குழந்தையை முதலில் அள்ளி எடுத்துச் சூரிய குலத்தின் பிள்ளையாக ஏற்பவள் தாயைப் பெற்ற பாட்டியான சோழ அரசியே. தந்தை வழியில் அவன் சந்திர குலத்துச் சாளுக்கியன். தாய் வழியில் சூரிய குலத்துச் சோழன். புலவர் இரண்டையும் சேர்த்தே பாடுகிறார். தாய்வழி உரிமையைச் சொல்லத் தயங்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

இந்தக் குடும்பத்தின் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தால் மற்றோர் உண்மையும் தெரியும். வேங்கியில் பிறந்த பிள்ளைக்கு இராஜராஜன் என்று தாய்வழித் தாத்தாவின் பெயர். அவன் மகனுக்கு இராஜேந்திரன் என்று அவனுடைய தாய்வழித் தாத்தாவின் பெயர். குலோத்துங்கனின் சகோதரி ஒருத்தி 1114 ஆம் ஆண்டில் சிதம்பரம் கோயிலுக்குத் திருப்பணி செய்ததைக் கல்வெட்டு கூறுகிறது. அவள் பெயர் என்ன தெரியுமா? குந்தவை! தஞ்சையிலிருந்து வடக்கே போன பெயர், பேத்தியின் வடிவில் காவிரிக் கரைக்கே திரும்பி வந்துவிட்டது.

'பேரன்' என்னும் சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது பொருள். அதுபோலவே பேர்த்தி, பேத்தி. சிராங்கூன் சாலையில் அச்சாகும் திருமண அழைப்பிதழ்களில் 'இன்னாரின் பேரன், இன்னாரின் பேத்தி' என்று இன்றும் போடுகிறோம். அந்தச் சொல்லுக்குள் இருக்கும் வழக்கத்தைத்தான் சோழப் பெண்கள் சீதனத்தோடு சீதனமாக வேங்கிக்குக் கொண்டு சென்றார்கள்.

குலோத்துங்கன் முதல் 1279 ஆம் ஆண்டு வரை சோழ நாட்டை ஆண்டவர்கள் இந்த வழியினரே. இவர்களைச் 'சாளுக்கிய சோழர்' என்று வரலாற்றாசிரியர்கள் அழைக்கின்றனர். சேக்கிழாரின் பெரியபுராணம் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் எழுந்தது. தாராசுரத்து ஐராவதேசுவரர் கோயிலைக் கட்டியவன் இரண்டாம் இராஜராஜன். அக்கோயில் 2004 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. குந்தவை வேங்கிக்குப் போகாமல் இருந்திருந்தால் இந்த மன்னர்கள் இல்லை.

கடாரத்தோடு பகையும் உறவும்

மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில் இராஜேந்திரன் கடாரம் கொண்டதை நாங்கள் பெருமையோடு மனப்பாடம் செய்தோம். பின்னர்த் தேசிய இடைநிலைப்பள்ளியில் அதே கெடாவின் பழங்காலத்தை மலாய்மொழியில் படித்தபோது, அங்கே வாழ்ந்தவர்களின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டியிருந்தது. 1025 ஆம் ஆண்டுப் படையெடுப்பு ஸ்ரீவிஜயத்தின் பல துறைமுகங்களைத் தாக்கியது. ஆனால் சோழர் அங்கே நிலையான ஆட்சியை நிறுவவில்லை.

குந்தவையின் பேரனோ வேறு வழியில் சென்றான். 1077 ஆம் ஆண்டில் 72 பேர் கொண்ட சோழத் தூதுக்குழு சீனாவின் சோங் அரசவைக்குச் சென்றது. 1090 ஆம் ஆண்டில் கடாரத்து அரசனின் வேண்டுகோளை ஏற்று, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு உரிய ஊர்களுக்குக் குலோத்துங்கன் வரிச்சலுகை அளித்தான். சிறிய லெய்டன் செப்பேடு அதைத் தெரிவிக்கிறது. 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று அவன் பெயர் பெற்றதும் இங்கே நினைக்கத்தக்கது. இரண்டு குலங்களுக்கு நடுவே வளர்ந்தவனுக்கு, வெல்வதோடு இணங்கிப் போகவும் தெரிந்திருந்தது.

மற்ற நாட்டு மணமகள்கள்

பெண்ணைக் கொடுத்து நட்பை வாங்குவது உலகெங்கும் இருந்த வழக்கமே. போர்ச்சுகல் மன்னன் முதலாம் ஜுவாவின் மகள் இசபெல், 1430 ஆம் ஆண்டில் பர்கண்டியின் கோமகன் பிலிப்பை மணந்தாள். பெண்ணைப் பார்த்து வரைந்து அனுப்ப, புகழ்பெற்ற ஓவியர் யான் வான் ஐக் தூதுக்குழுவோடு சென்றார். அந்த இசபெல் படத்தில் மட்டும் இருக்கவில்லை. 1439 ஆம் ஆண்டில் இங்கிலாந்தோடு நடந்த பேச்சுவார்த்தையில் பர்கண்டியின் சார்பில் அவளே முன்னின்றாள். அதே போர்ச்சுகலின் மற்றோர் இளவரசி கேத்தரின், 1662 ஆம் ஆண்டில் ஆங்கிலேய மன்னன் இரண்டாம் சார்லசை மணந்தபோது, பம்பாய் அவளுடைய சீதனமாகக் கைமாறியது. 1668 ஆம் ஆண்டில் ஆண்டுக்கு 10 பவுன் வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி அதைப் பெற்றது. 1819 ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் வந்து இறங்கியது அதே கம்பெனியின் ஊழியராகத்தான்.

சிங்கப்பூரின் தொன்மக்கதையிலும் இப்படிப்பட்ட ஒரு மணம் உண்டு. செஜாரா மெலாயு என்னும் மலாய் நூலின்படி, சிங்கப்பூரை நிறுவிய ஸ்ரீ திரி புவனா, பாலெம்பாங்கின் தலைவர் டெமாங் லேபர் டாவுனின் மகள் வான் செண்டாரியை மணந்தார். பெண்ணைக் கொடுக்கும் முன் தந்தை ஓர் உடன்படிக்கை கேட்டார். மன்னன் குடிமக்களை இழிவுபடுத்தக்கூடாது, குடிமக்கள் மன்னனுக்கு இரண்டகம் செய்யக்கூடாது என்பதே அது. ஆள்வோருக்கும் மக்களுக்கும் இடையிலான ஒப்பந்தமாக மலாய் உலகம் இன்றும் நினைக்கும் அந்த வாக்குறுதி, ஒரு பெண்ணின் திருமணப் பேச்சில்தான் பிறந்தது. வாக்குறுதியை எல்லாரும் அறிவர். பெண்ணின் பெயரை எத்தனை பேர் அறிவர்?

தாய்மொழி யாருடையது?

குந்தவையின் மகன் இராஜராஜ நரேந்திரனின் அவையில்தான் நன்னய பட்டர் மகாபாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கினார். தெலுங்கு இலக்கியத்தின் ஆதிகவி என்று நன்னயரைப் போற்றுகின்றனர். அவரை ஆதரித்தவன் தமிழ்த் தாயின் மகன். அவனுடைய மகனோ சோழ அரியணையில் அமர்ந்து கலிங்கத்துப்பரணி என்னும் தமிழ் நூலுக்குத் தலைவனானான். ஒரே குடும்பத்தில் தந்தையின் அவையில் தெலுங்கு மலர்ந்தது. மகனின் அவையில் தமிழ் மலர்ந்தது. ஒன்று மற்றொன்றைக் குறைத்துவிடவில்லை.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. சிங்கப்பூரில் வீட்டில் தெலுங்கோ மலையாளமோ பேசும் பிள்ளைகள் பலர் பள்ளியில் தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படிக்கிறார்கள். அவர்களுள் சிலர் நம் மன்றங்களில் நம்மைவிட நன்றாகத் தமிழில் பேசுகிறார்கள். அடையாள அட்டையில் இனம் வழக்கமாகத் தந்தை வழியே பதிவாகி வந்தது. 2011 ஜனவரி முதல் பெற்றோர் இருவரின் இனத்தையும் இணைத்துப் பதியலாம். குலோத்துங்கனுக்கு அப்படி ஓர் அட்டை இருந்திருந்தால் 'சாளுக்கியர் – சோழர்' என்று அச்சிட்டிருப்பார்கள்! 'நீ உண்மையில் தமிழனா?' என்று யாரையாவது கேட்க நினைக்கும்போது, நாம் மிகவும் பெருமைப்படும் சோழப் பேரரசின் கடைசி 209 ஆண்டுகள் தந்தை வழியில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்த ஒருவனின் வழியினர் கையில் இருந்ததை நினைத்துக்கொள்வது நல்லது.

வெற்றிகளைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். கேம்பல் லேனில் 2015 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்துக்குச் சென்றாலும், நூலகத்தில் சோழர் பற்றிய நூலை எடுத்தாலும், மன்னர்களின் பட்டியலைத்தான் முதலில் தேடுகிறோம். அந்தப் பட்டியலில் 1070 என்ற ஆண்டுக்கு எதிரே ஒரு கோடு போட்டு, அதற்கு மேலே குந்தவை, அம்மங்காதேவி, மதுராந்தகி என்று மூன்று பெயர்களை எழுதிப் பாருங்கள். அறுந்துபோன வரிசை அந்த இடத்தில்தான் ஒட்டிக்கொள்கிறது.